பெட்டியில் 16 மணி நேரம், ரோட்டில் 6: சைக்கிள் ரேடார் டெயில் லைட்டின் பேட்டரி கணக்கு

ரேடார் டெயில் லைட் என்பது பின்னால் வரும் வண்டியை ரேடாரில் கண்டுபிடித்து, ஹேண்டில்பாரில் இருக்கும் சைக்கிள் கம்ப்யூட்டர் வழியாக எச்சரிக்கும் பின்விளக்கு. கேள்வி இதுதான். 16 மணி நேரம் ஓடும் என்று பெட்டியில் போட்டிருக்கும் ரேடார் டெயில் லைட், ராத்திரி ஓட்டும்போது 6 மணி நேரத்துக்குள் படுத்துவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா, இதுதான் இயல்பா? 200, 300 கிலோமீட்டர் பிரெவேக்கு, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் பயணத்துக்கு, இதை நம்பிக் கிளம்பலாமா?

பெரும்பாலும் பேட்டரியில் கோளாறு இருக்காது. 16, 6 இரண்டுமே அதே பேட்டரியின் எண்கள்தான். விளக்கு எந்த மோடில் எரிகிறது என்பதுதான் வித்தியாசம். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சாவது எப்போதும் அதிகபட்ச எண். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் மோடு வாரியாகப் பட்டியல் இருக்கும். பயணத்துக்குத் திட்டம் போட வேண்டியது அதை வைத்துத்தான்.

அதிகம் பேர் கையில் இருக்கிற கார்மின் வேரியா ஆர்டிஎல்515-ஐ உதாரணமாக வைத்துக்கொள்வோம். 2020-ல் வந்தது, 71 கிராம், பின்னால் வரும் வாகனத்தை 140 மீட்டரிலிருந்து பிடிக்கும். அதன் கணக்கு இப்படி: டே ஃப்ளாஷ், அதாவது பகலில் விட்டு விட்டு மின்னுவது, 65 லூமன் (வெளிச்ச அளவு), 16 மணி நேரம். சாலிட், அதாவது விட்டு விட்டு மின்னாமல் சீராக எரிவது, 20 லூமன், 6 மணி நேரம். நைட் ஃப்ளாஷ் 29 லூமன், அதுவும் 6 மணி நேரம். கூட்டமாக ஓட்டுவதற்கான பெலோட்டன் மோடு 8 லூமன், 8 மணி நேரம். வேறு கம்பெனி விளக்காக இருந்தால் எண்கள் மாறும். கணக்குப் போடும் முறை அதேதான்.

65 லூமன் 16 மணி நேரம் தாங்குகிறது, 20 லூமன் 6 மணி நேரத்தில் தீர்கிறது என்பது முதல் பார்வைக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரு சோதனை செய்தால் விளங்கிவிடும். விளக்கை டே ஃப்ளாஷில் போட்டு, இருட்டறையில் சுவரைப் பார்த்து வையுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தைப் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து ஓடவிடுங்கள். சுவர் பெரும்பாலான நேரம் கருப்பாகவே இருக்கும். நடுவில் ஓரிரு பளிச்சுகள் வந்து போகும், அவ்வளவுதான். பகல் வெயிலில் கண்ணை இழுக்கும் அளவுக்கு அந்தப் பளிச்சு பலமாக இருக்கிறது, ஆனால் எல்இடி எரியும் மொத்த நேரம் மிகக் குறைவு. சாலிடில் ஓய்வே கிடையாது. பேட்டரியைத் தின்பது உச்ச வெளிச்சம் அல்ல, சராசரி வெளிச்சம். நைட் ஃப்ளாஷும் சாலிடும் ஒரே 6 மணி நேரம் காட்டுவதிலிருந்தே, அந்த இரண்டும் சராசரியில் ஒரே அளவு இழுக்கின்றன என்று தெரிகிறது. பெயரில் ஃப்ளாஷ் இருக்கிறதே, மிச்சமாகும் என்று நினைத்து ராத்திரி அதைப் போட்டால் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: ரேடார்தானே பேட்டரியைக் குடிக்கிறது? அந்த இரண்டு எண்களை வைத்தே விடை சொல்லலாம். டே ஃப்ளாஷில் ரேடாரும் எல்இடியும் சேர்ந்து மணிக்குப் பேட்டரியில் 16-ல் ஒரு பங்கு, அதாவது 6.25 சதவீதம் எடுக்கின்றன. எனவே ரேடார் தனியாக அதற்கு மேல் எடுக்க வழியில்லை. சாலிடில் மொத்தச் செலவு மணிக்கு 16.7 சதவீதம். அதில் ரேடாரின் பங்கு அதிகபட்சம் 6.25, மீதி 10 சதவீதத்துக்கு மேல் விளக்கு. 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் பின்னால் வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலையை அனுப்பிக்கொண்டே இருப்பதால், அது மாறாத வாடகை மாதிரி. உங்கள் கையில் இருக்கிற பிடி விளக்கு மோடு மட்டும்தான். ப்ளூடூத்தை அணைத்து ஆன்ட் பிளஸ் (சைக்கிள் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் வயர்லெஸ் முறை) மட்டும் வைத்தால் மிச்சமாகும் என்று சிலர் சொல்வது பைசாக் கணக்கு. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

மணிக்கு எத்தனை சதவீதம் என்று மனதில் வைத்துக்கொள்வதுதான் வசதி. ஆர்டிஎல்515-க்கு டே ஃப்ளாஷ் 6.25, பெலோட்டன் 12.5, சாலிடும் நைட் ஃப்ளாஷும் 16.7. இனி பிரெவே கணக்குக்கு வருவோம்.

200 கிலோமீட்டர் பிரெவேக்கு நேர வரம்பு பதின்மூன்றரை மணி நேரம். காலை 5 மணிக்குக் கிளம்புகிறீர்கள், 6 மணிவரை இருட்டு, சாயங்காலம் 6-க்கு மறுபடி இருட்டு, 6:30-க்கு முடிக்கிறீர்கள். இருட்டில் ஒன்றரை மணி நேரம் சாலிட் என்றால் 25 சதவீதம். பகலில் 12 மணி நேரம் டே ஃப்ளாஷ் என்றால் 75 சதவீதம். கூட்டினால் சரியாக 100. புதுப் பேட்டரி, வெளிச்சமான நாள், போக்குவரத்துக் குறைந்த சாலை எல்லாம் கைகொடுத்தால் கடைசிக் கட்டுப்பாட்டுப் புள்ளியில் (வந்து சேர்ந்த நேரத்தைப் பதியும் இடம்) விளக்கு அணையும்போது நீங்களும் இறங்குவீர்கள். நடைமுறையில் அது நடக்காது. வாகனம் நெருங்கும்போது இந்த விளக்குகள் மின்னும் விதத்தை மாற்றி ஓட்டுநரின் கவனத்தை இழுக்கும். லாரிகள் ஓயாத நெடுஞ்சாலையில் அந்த மாற்றம் நாள் முழுக்க நடக்கும், செலவும் ஏறும். மழை மேகம் கவிந்து 4 மணிக்கே விளக்கைச் சாலிடுக்கு மாற்றினால் கூடுதலாக 21 சதவீதம் போகும். அதனால் 20 சதவீதத்தைக் கையிருப்பாகத் தொடாமல் வைத்து, 80-க்குள் கணக்கு முடிகிற மாதிரித் திட்டம் போடுங்கள். 200-க்கே வழியில் ஒரு முறை சார்ஜ் வேண்டும் என்பதுதான் நேர்மையான பதில்.

300 கிலோமீட்டருக்கு வரம்பு 20 மணி நேரம். அதே 5 மணிப் புறப்பாடு, நடுராத்திரி 1 மணிக்கு முடிவு. பகல் 12 மணி நேரம், இருட்டு 8 மணி நேரம். இருட்டு முழுக்கச் சாலிட் போட்டால் 75-உம் 133-உம் சேர்ந்து 208 சதவீதம். இரண்டு பேட்டரி இருந்தாலும் போதாது. இருட்டில் பெலோட்டன் போட்டால் 175. ராத்திரியும் டே ஃப்ளாஷிலேயே விட்டால் 125. இந்தக் கடைசி எண்தான் சமாளிக்கக்கூடியது, ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

காரணம், இருட்டில் விட்டு விட்டு மின்னும் விளக்கை மட்டும் பார்க்கும் ஓட்டுநருக்கு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிப்பது சிரமம். கண் பிடித்துக்கொள்ளச் சீரான ஒரு புள்ளி வேண்டும். அமெரிக்காவில் பிரெவே நடத்தும் ரேண்டோனர் அமைப்பான ரூசா, எரியும் பின்விளக்குகளில் ஒன்றாவது மின்னாமல் சீராக எரிய வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. ஜெர்மனியில் சைக்கிளில் மின்னும் விளக்கே கூடாது. அதற்காகத்தான் ஃப்ளாஷ் மோடுகள் இல்லாத ஆர்டிஎல்516 என்று ஒரு வகையைத் தனியாக விற்கிறார்கள். நீங்கள் ஓட்டும் பிரெவேயின் விதியையும் கிளம்புமுன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஆகவே இருட்டுக்கான ஏற்பாடு இரண்டு விளக்கு. சாதாரணப் பின்விளக்கு ஒன்று, ரேடார் இல்லாதது, சீட் ஸ்டேயிலோ (சீட்டிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) மட்கார்டிலோ, சீராக எரியும்படி. ரேடார் விளக்கு சீட் போஸ்ட்டில், அதிகம் மின்சாரம் கேட்காத மோடில். சீரான வெளிச்சத்தின் பொறுப்பை முதல் விளக்கு எடுத்துக்கொள்வதால், ரேடார் விளக்கு தன் வேலைக்கு மட்டும் பேட்டரியைச் செலவழிக்கலாம். பின்னால் இன்னொருவர் ஒட்டி ஓட்டி வந்தால் அவர் கண்ணைக் கூசவைக்காமல் பெலோட்டனுக்கு மாற்றுங்கள். ஆனால் அது மணிக்கு இரு மடங்கு செலவு என்பது நினைவில் இருக்கட்டும். மங்கலாக எரிகிறதே, சிக்கனமாகத்தான் இருக்கும் என்று கண் சொல்வதை நம்பக் கூடாது. சாதாரண விளக்காக ஏஏஏ செல் போடுவதை வாங்கினால் எந்தப் பெட்டிக்கடையிலும் மாற்று கிடைக்கும். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

கேமராவும் சேர்ந்த ஆர்சிடி715 மாதிரி வகைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் சுருங்கிவிடும். தொடர்ந்து 1080பி-யில் பதிவு செய்தால் டே ஃப்ளாஷில் 6 மணி நேரம், சாலிடில் 4 மணி நேரம். பிரெவேக்குக் கொண்டுபோனால் தொடர் பதிவை நிறுத்திவிடுங்கள். அமைப்புகளில் வாகனம் நெருங்கும்போது மட்டும் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள்.

பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம்

சாதாரண விளக்கு அணைந்தால் நஷ்டம் வெளிச்சம் மட்டும். ரேடார் அணைந்தால் நஷ்டம் வேறு மாதிரி. சில வாரம் ரேடாரோடு ஓட்டியவுடன் பழக்கம் மாறிவிடும்: ஹேண்டில்பாரில் சத்தம் வரவில்லை என்றால் பின்னால் யாரும் இல்லை என்று மனம் எடுத்துக்கொள்ளும், திரும்பிப் பார்ப்பது குறையும். ரேடார் செத்துப்போனாலும் அதே நிசப்தம்தான். காலிச் சாலையின் அமைதியும் காலிப் பேட்டரியின் அமைதியும் காதுக்கு ஒன்றுதான். நீங்கள் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 80-ல் வரும் கார், 140 மீட்டர் தூரத்தைக் கடந்து உங்களைத் தொட 9 வினாடிதான் ஆகும். அந்த 9 வினாடி எச்சரிக்கையை எதிர்பார்த்துப் பள்ளத்துக்காக வலப்பக்கம் ஒதுங்குகிறவர், எச்சரிக்கை வராத நிலையில் ரேடாரே இல்லாதவரைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார்.

இதனால் பேட்டரி அளவைத் தெரிந்துகொண்டே ஓட்ட வேண்டும். இங்கே ஒரு சிக்கல். ஆன்ட் பிளஸ் வழியாகச் சைக்கிள் கம்ப்யூட்டருக்கு வரும் பேட்டரி நிலை பெரும்பாலும் சதவீதமாக வராது. புதியது, நல்லது, பரவாயில்லை, குறைவு, ஆபத்து என்று ஐந்து படிகளாகத்தான் வரும். ‘நல்லது’ என்ற ஒரு படிக்குள்ளேயே பல மணி நேர வித்தியாசம் அடங்கும். லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் அதிகம் இறங்காமல் கடைசியில் மடமடவென்று சரியும் குணமுள்ளது. அதனால் ‘குறைவு’ என்று காட்டும்போது மிச்சமிருக்கும் நேரம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். திரையை நம்பாமல் மணிக்கணக்கை நம்புங்கள். எத்தனை மணிக்கு எந்த மோடில் போட்டோம் என்று மேல் குழாயில் ஒட்டிய ஒரு துண்டு டேப்பில் எழுதிக்கொண்டே போகலாம். 27 மணி நேரம் வரம்புள்ள 400 கிலோமீட்டரில் ராத்திரி 2 மணிக்கு மூளை கணக்குப் போடாது, டேப்பில் எழுதியதைப் படிக்கும்.

இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் சரிபாருங்கள். ஒன்று, ரேடார் இணைப்பு அறுந்தால் கம்ப்யூட்டர் சத்தம் எழுப்ப வேண்டும். திரையில் சின்னம் மறைவது மட்டும் போதாது. கிளம்புமுன் ரேடாரை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்து, சத்தம் வருகிறதா என்று காதால் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரண்டு, கம்ப்யூட்டர் தூங்கினால் அல்லது அணைந்தால் விளக்கும் சேர்ந்து அணையும்படி சில அமைப்புகள் இருக்கும். டீக்கடையில் நின்ற பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் தூங்கி, விளக்கும் அணைந்து, மறுபடி கிளம்பும்போது ஒன்று மட்டும் எழுந்தால் பழி பேட்டரி மேல் விழும்.

பேட்டரி என்று தப்பாக நினைக்கப்படுபவை

ரேடார் நின்றுவிட்டது என்று தெரிந்தவுடன் முதலில் இறங்கி விளக்கைப் பாருங்கள். சிவப்பு எரிந்துகொண்டிருந்தால் பேட்டரி இருக்கிறது, பிரச்சினை தொடர்பில். விளக்கு பின்னால், கம்ப்யூட்டர் முன்னால், நடுவில் உங்கள் உடம்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை உடம்பின் நீர் நன்றாக உறிஞ்சும். பெரிய சீட் பையும் சேர்ந்தால் சிக்னல் விட்டு விட்டு வரும். விளக்கைச் சற்று ஒரு பக்கமாக நகர்த்தினாலே சில வண்டிகளில் சரியாகும்.

விளக்கும் அணைந்திருந்தால் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எரிந்து, சில நிமிடத்தில் மறுபடி அணைந்தால் பேட்டரி காலிதான். எரிந்து அப்படியே ஓடினால் யாரோ, எதுவோ அதை அணைத்திருக்கிறது: சீட் பையின் ஸ்ட்ராப், மழைக்கோட்டின் வால், அல்லது முன் சொன்ன தூக்க அமைப்பு. இதற்கு நேர்மாறாக, காரிலோ பையிலோ கொண்டுபோகும்போது பொத்தான் அழுந்தி ராத்திரி முழுக்க உள்ளே எரிந்து, காலையில் காலியாக இருப்பதும் சகஜம். பையில் வைக்கும்போது பொத்தான் பக்கம் கடினமான எதிலும் படாத மாதிரித் துணியில் சுற்றி வையுங்கள்.

குளிரும் ஒரு காரணம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் அதிகாலைகளில் பேட்டரியின் உள் எதிர்ப்பு ஏறும். சார்ஜ் மிச்சமிருக்கும்போதே மின்னழுத்தம் சரிந்து சாதனம் தன்னை அணைத்துக்கொள்ளும். இது சேதம் அல்ல, வெயில் ஏறினால் திரும்ப வரும். முந்தின ராத்திரி விளக்கை வண்டியில் விடாமல் அறைக்குள் வைத்திருந்து, கிளம்பும்போது மாட்டினால் போதும்.

உங்கள் பேட்டரியின் உண்மை நிலையை அளப்பது

பழைய விளக்கா, புதுசா, செகண்ட் ஹேண்டா, எதுவானாலும் கையேட்டு எண்ணை நம்பாமல் ஒரு முறை அளந்துவிடுங்கள். முழுக்கச் சார்ஜ் போட்டு, கேபிளைக் கழற்றி, சாலிடில் ஓடவிட்டு, எதிரில் ஒரு பழைய போனைச் சார்ஜில் போட்டு டைம் லாப்ஸ் பிடிக்க வையுங்கள். கூடவே ஒரு கடிகாரமும் படத்தில் இருக்கட்டும். விளக்கு அணைந்த நேரம் படத்தில் கிடைத்துவிடும். சாலிடில் செய்வது 6 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதற்காக. விகிதம் எல்லா மோடுக்கும் பொதுவானது. 6 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி 50 நிமிடம் ஓடினால் கொள்ளளவு சுமார் 80 சதவீதம். அப்படியென்றால் டே ஃப்ளாஷ் 16 அல்ல, 13-க்கும் சற்றுக் கீழே. மேலே 200 கிலோமீட்டருக்குப் போட்ட கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது. வீட்டில் வண்டி எதுவும் வராது என்பதால் ரோட்டில் கிடைப்பது இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழி, சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகும் யூஎஸ்பி மீட்டர். விளக்கு தானாக அணையும்வரை ஓட்டி, பிறகு மீட்டர் வழியாக முழுக்கச் சார்ஜ் போட்டு, எத்தனை எம்ஏஹெச் உள்ளே போனது என்று எழுதிவையுங்கள். புதிதாக வாங்கிய வாரத்தில் ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. எண்ணிக்கை துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. முதல் எண்ணோடு ஒப்பிட்டால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். முழுக்க ஏற எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வழியில் சார்ஜ் போடும்போது அந்த எண் வேண்டும்.

தேய்மானத்தை மெதுவாக்க நம்மால் ஆவது சில. லித்தியம் அயான் செல் பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளில் 80 சதவீதத்துக்கு இறங்கும். நம் ஊரில் அதை வேகப்படுத்துவது வெயில். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். முழுச் சார்ஜோடு அங்கே கிடக்கும் விளக்கு, பேட்டரிக்கு மிக மோசமான நிலை. ஓட்டி முடித்து வந்தவுடன், கை வைத்தால் சூடாக இருக்கும்போது சார்ஜில் போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது செல்லுக்குக் கெடுதல். 0 டிகிரிக்குக் கீழேயும் அப்படியே: உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் நிழலில் வையுங்கள். முழுக்கக் காலியாக மாதக்கணக்கில் போட்டுவைத்தால் செல்லின் மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே இறங்கி, மறுபடி சார்ஜே ஏறாமல் போகலாம்.

கேபிள், பவர் பேங்க், வழியில் சார்ஜ்

ராத்திரி முழுக்கப் போட்டும் காலையில் பாதிதான் இருந்தது என்றால் பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் கேபிளைச் சந்தேகியுங்கள். ஆர்டிஎல்515-இல் இருப்பது மைக்ரோ யூஎஸ்பி. அந்த வாயில் வியர்வையும் சாலைத் தூசியும் சேர்ந்து பச்சை பிடிக்கும். உள்ளே இருக்கும் உலோகப் பின் தளர்ந்தால் சார்ஜ் ஏறுகிற மாதிரி காட்டி நின்றுவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு செருகுங்கள். ஊசி விட்டுக் குடையாதீர்கள், நடுவில் இருக்கும் நாக்கு உடைந்தால் வேலை முடிந்தது. டைப் சி விளக்குகளில் வேறு ஒரு வம்பு. சாதனத்தைச் சார்ஜருக்கு அடையாளம் காட்ட வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை விலை குறைந்த சில சாதனங்களில் போடுவதில்லை. அவை இரு பக்கமும் டைப் சி உள்ள கேபிளில் சார்ஜே ஏறாது. பழைய செவ்வக யூஎஸ்பி (டைப் ஏ) முனையிலிருந்து டைப் சி போகும் கேபிளில் ஏறும். பயணப் பையில் அந்தக் கேபிள் ஒன்று இருக்கட்டும்.

பவர் பேங்கில் செருகினால் சிறிது நேரத்தில் அதுவே அணைந்துவிடுவதும் அடிக்கடி கேட்கும் புகார். எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் 50, 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே தம்மை அணைத்துக்கொள்ளும். டெயில் லைட்டின் சின்னப் பேட்டரி நிரம்ப நிரம்ப இழுக்கும் கரன்ட் குறைந்து அந்த எல்லையைத் தொடும். இயர்போன், வாட்ச் ஆகியவற்றுக்கான குறை கரன்ட் மோடு உள்ள பவர் பேங்கை எடுங்கள். இல்லாவிட்டால் அதே பேங்கில் போனையும் சேர்த்துப் போட்டால் அணையாது. 10,000 எம்ஏஹெச் பேங்க் 5 வோல்ட்டில் உண்மையில் தருவது 6,000 சொச்சம்தான். இந்த விளக்குக்கு அது ஏராளம்.

நிற்கும் இடத்தில் சார்ஜ் போடுவதானால் பேட்டரி காலியாக இருக்கும்போது போடுங்கள். அடிப்பகுதி வேகமாக ஏறும், மேலே போகப் போக மெதுவாகும். 90-லிருந்து 100-க்கு ஏற்றப் பரோட்டாக் கடையில் அரை மணி நேரம் காத்திருப்பது வீண். 500 மில்லி ஆம்பியர் எடுக்கும் விளக்கு அரை மணி நேரத்தில் 250 எம்ஏஹெச் மட்டுமே வாங்க முடியும். சார்ஜர் 65 வாட்டாக இருந்தாலும் அது மாறாது, எவ்வளவு எடுப்பது என்று தீர்மானிப்பது விளக்குதான். மேலே பார்த்த 300 கிலோமீட்டருக்கு 125 சதவீதம் செலவு, 20 கையிருப்பு. ஆக வழியில் 45 சதவீதம் ஏற்ற வேண்டும். உங்கள் விளக்கு முழுக்க ஏற 3 மணி நேரம் என்று அளந்திருந்தால், இது ஏறக்குறைய 80 நிமிடம். மதியச் சாப்பாட்டில் 40, சாயங்காலக் கட்டுப்பாட்டுப் புள்ளியில் 40 என்று பிரித்துக்கொள்ளலாம். உட்கார்ந்தவுடன் முதல் வேலையாகச் செருகுங்கள். இட்லி வந்த பிறகு ஞாபகம் வந்தால் பாதி நேரம் போயிருக்கும்.

ஓடிக்கொண்டே சார்ஜ் போடலாமா என்றால், முதலில் வீட்டில் செருகிப் பாருங்கள். சில விளக்குகள் கேபிள் மாட்டியதும் சார்ஜ் நிலைக்குப் போய் ரேடாரை நிறுத்திவிடும், சில தொடர்ந்து ஓடும். தொடர்ந்து ஓடினால் சீட் பையில் பேங்க், அங்கிருந்து எல் வடிவ முனையுள்ள குட்டைக் கேபிள். கேபிள் விளக்குக்குள் நுழைவதற்கு முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி வளைத்துக் கட்டுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும், வாய்க்குள் வழியாது. விளக்கின் ஐபிஎக்ஸ் 7 தரம், அதாவது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது, மூடி மூடியிருக்கும்போதுதான். வடகிழக்குப் பருவமழையில் மூடியைத் திறந்து ஓட்டுவதைவிட நிறுத்திச் சார்ஜ் போடுவது மேல். ஹப் டைனமோ (சக்கரம் சுழலும்போது அச்சில் மின்சாரம் தயாரிப்பது) வைத்திருப்பவர்கள் நேராக விளக்குக்குக் கொடுக்காமல் நடுவில் பவர் பேங்கை வையுங்கள். ஏற்றத்தில் வேகம் குறையும்போது டைனமோ மின்சாரம் விட்டு விட்டு வரும், ஒவ்வொரு முறையும் விளக்கு சார்ஜைத் தொடங்கி நிறுத்தும்.

600 கிலோமீட்டர், 40 மணி நேரம் என்று வரும்போது ஒரு ரேடாரை வைத்து இழுத்துப் பிடிப்பதைவிட, ரேடாரை எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் ஓட்டுவது நல்லது. நகரத்துக்குள் பின்னால் எப்போதும் வண்டி இருக்கும், ரேடார் ஓயாமல் கத்தும், தகவல் எதுவும் கிடைக்காது. அங்கே அதை அணைத்துச் சாதாரண விளக்கில் போகலாம். ஆள் நடமாட்டம் இல்லாத இருவழிச் சாலையின் ராத்திரிக்குத்தான் அதன் உண்மையான பயன். அணைக்கும்போது அணைத்தேன் என்று டேப்பில் எழுதுங்கள், திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை அந்த நேரத்துக்குக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி உண்மையிலேயே முடிந்தால்

இந்த விளக்குகளில் பேட்டரியை மாற்ற வழி வைப்பதில்லை. கூட்டை ஒட்டி மூடியிருப்பார்கள். பிரித்துச் செல் மாற்றித் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். விளக்கு எரியவும் செய்யும். ஆனால் நீர்க்காப்பு பழைய நிலைக்கு வராது. முதல் கனமழையில் உள்ளே ஈரம் போய், ராத்திரி நடுவழியில் அணையக்கூடிய ஒன்றை முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் டைம் லாப்ஸ் படத்தோடு விற்றவரிடம் போங்கள். ‘சீக்கிரம் தீருது’ என்று சொல்வதைவிட ‘சாலிடில் 6 மணி நேரம் ஓட வேண்டியது 3 மணி 20 நிமிடத்தில் நிற்கிறது’ என்று படம் காட்டினால் பேச்சு அங்கேயே முடியும். காலம் கடந்துவிட்டால், சாலிடில் 3 மணி நேரத்துக்குக் குறைந்த விளக்கை நீண்ட பயணத்திலிருந்து ஓய்வு கொடுத்து, தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு அது இன்னும் ஓரிரு வருடம் உழைக்கும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் உடனே நிறுத்துங்கள். கூட்டின் இணைப்புக் கோடு விரல் நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தாலோ, சார்ஜ் வாயின் ரப்பர் மூடி முன்போல் உட்காராமல் தூக்கிக்கொண்டிருந்தாலோ, பொத்தான் திடீரென்று அழுத்தக் கடினமானாலோ, உள்ளே செல் உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். மரம், துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், சிமென்ட் தரையிலோ மண் சட்டியிலோ வைத்து, அடுத்த நாளே மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு இந்தியாவில் உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மீது இருக்கிறது. வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம்.